பார்த்ததை மட்டும் சொன்னால் போதுமா?

கேள்வி: “ராமேஸ்வரம் தீவில் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. கருவாடு காயவைத்து விற்கிறேன். 2024-இல் தங்கச்சிமடம் சந்தியாகப்பர் கோயில் திருவிழா முடிந்த மறுவாரம், விடிகாலையில் கரையில் ஒரு சண்டை. எனக்குக் கொழுந்தன் முறையாகிற ஒருவருடைய நண்டு வலையை விசைப்படகு இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று பேச்சு முற்றி, அவர் துடுப்பை எடுத்து, அந்த விசைப்படகின் போட்டுக்காரர் தலையில் அடித்துவிட்டார். நான் அப்போது கூடையில் மீன் அள்ளிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பும்போது இரண்டாவது அடியைத்தான் பார்த்தேன். யார் முதலில் கை வைத்தது என்று தெரியாது. போலீஸ்காரர் கேட்டு எழுதிக்கொண்டார், கையெழுத்து வாங்கவில்லை. பிறகு ஒருநாள் ஒரு ஜட்ஜ் அம்மா முன்னால் கூட்டிப்போனார்கள். அங்கே சொன்னேன், கையெழுத்துப் போட்டேன். கொலை முயற்சி வழக்காம். இப்போது ராமநாதபுரம் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. ஊரில் இரண்டு தரப்பும் சமாதானம் ஆகிவிட்டது, ‘பார்க்கவில்லை என்று சொல்லிவிடு’ என்று ஊர்க் கமிட்டியில் சொல்கிறார்கள். கோர்ட் வாசலை மிதித்ததே இல்லை. அங்கே யார் யார் இருப்பார்கள், என்ன கேட்பார்கள்? ஏதாவது மாற்றிச் சொல்லிவிட்டால் என்னைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களா? அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டி வருமா? பெயர் போட வேண்டாம்.”

அன்புள்ள சகோதரிக்கு,

சம்மன் வந்த நாளிலிருந்து நீங்கள் சரியாகத் தூங்கவில்லை என்பது கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளை எடுத்து இன்னொரு முறை பாருங்கள். அதில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ‘சாட்சி’ என்று இருக்கும். வழக்கு உங்கள் மேல் இல்லை. நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. நடந்ததைத் தெரிந்தவர் என்பதால் நீதிமன்றம் உங்களைக் கூப்பிடுகிறது, அவ்வளவுதான். எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் ‘கோர்ட்டுக்குப் போனான்’ என்றாலே குற்றவாளி என்று பொருளாகிவிட்டது. முப்பது வருஷமாக இந்தக் கோர்ட்டுகளில் வக்கீலாக நிற்கிறேன். சாட்சி சொல்ல வந்த பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மரத்தடியில் ஒதுங்கி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். அந்த இடத்தில் தலைநிமிர்ந்து நிற்கவேண்டியவர்களே அவர்கள்தான்.

வழக்கு எப்படி உங்கள் வீட்டு வாசல் வரை வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடிபட்டவர் தரப்பில் புகார் கொடுத்ததும் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை போட்டிருப்பார்கள். விசாரணை அதிகாரி சம்பவ இடத்துக்கு வந்து, இடத்தில் கண்டதைச் சாட்சிகள் முன்னால் எழுதிக்கொள்ளும் பார்வை மகஜர் தயாரித்து, மாதிரி வரைபடம் வரைந்து, துடுப்பைக் கைப்பற்றி, உங்களை மாதிரி ஆட்களை விசாரித்து எழுதிக்கொண்டு, கடைசியில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்திருப்பார். அது முதலில் போவது குற்றவியல் நடுவரிடம். கொலை முயற்சி பெரிய குற்றம் என்பதால் நடுவர் அதை விசாரிக்க முடியாது. எதிரிக்கு எல்லா நகல்களையும் கொடுத்துவிட்டு, வழக்கை அமர்வு நீதிமன்றத்துக்கு, அதாவது செஷன்ஸ் கோர்ட்டுக்கு, அனுப்பிவிடுவார். அங்கே எதிரிக்குக் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ‘ஒப்புக்கொள்கிறீர்களா?’ என்று கேட்பார்கள். உங்கள் கொழுந்தன் ‘இல்லை’ என்று சொல்லியிருக்கிறார். சொன்னதால்தான் உங்களுக்குச் சம்மன். ஒப்புக்கொண்டிருந்தால் சாட்சிக்கே அநேகமாக வேலை இருந்திருக்காது.

‘எதிரி’ என்ற சொல்லைக் கேட்டு நீங்கள் பதற வேண்டாம். எங்கள் கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதுதான் பெயர். முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்றே எழுதுவோம். உங்களுக்கு அவர் எதிரி என்று அர்த்தமில்லை. தீர்ப்பு வரும்வரை அவர் குற்றவாளியும் இல்லை.

சரி, அன்றைக்கு உள்ளே யார் யார் இருப்பார்கள்?

மேடையில் நீதிபதி. அவருக்குக் கீழே பெஞ்ச் கிளார்க்கும், நீங்கள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்கிறவரும் உட்கார்ந்திருப்பார்கள். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் டவாலி. உரக்கக் கூப்பிடுவார். அது அதட்டல் இல்லை, வராந்தாவின் கடைசி வரை கேட்கவேண்டும் என்பதற்காக. ஒரு பக்கம் அரசு வழக்கறிஞர். இவர்தான் வழக்கை நடத்துகிறவர். காவல்துறையின் ஆள் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. அடிபட்டவர் தனியாக ஒரு வக்கீல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர் அரசு வழக்கறிஞருக்கு உதவியாகத்தான் இருக்க முடியும். இன்னொரு பக்கம் எதிரியின் வக்கீல். வக்கீல் வைக்க வசதி இல்லாத எதிரிக்கு அரசுச் செலவில் ஒருவரை நியமிப்பார்கள். வக்கீல் இல்லாமல் ஒருவரை நிற்கவைத்து இந்த மாதிரி வழக்கை நடத்தவே கூடாது. பின்னால் கூண்டில் எதிரி. கோப்புக் கட்டோடு ஓரமாக நிற்கிற காவலர், அந்த நிலையத்தின் கோர்ட் வேலையைப் பார்க்கிறவர். சினிமாவில் வருகிற ஜூரி இங்கே கிடையாது. நம் நாட்டில் குற்ற வழக்குகளில் ஜூரி முறை 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு போய்விட்டது. உண்மை எது, தண்டனை என்ன என்பதை அந்த ஒரு நீதிபதிதான் முடிவு செய்வார்.

உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் வேறு சாட்சிகள் வருவார்கள். அடிபட்டவர், அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர், காயத்துக்குச் சான்று கொடுத்த டாக்டர், மகஜரில் கையெழுத்துப் போட்டவர்கள். பெரும்பாலும் கடைசியாக விசாரணை அதிகாரி. ஒவ்வொருவருக்கும் ஒரு எண் விழும். உங்களை ‘அ.சா.3’ என்றோ ‘அ.சா.4’ என்றோ எழுதுவார்கள். அரசுத் தரப்பு சாட்சி என்பதன் சுருக்கம். ஆனால் அரசுத் தரப்பு உங்களைக் கூப்பிட்டது என்பதற்காக நீங்கள் அரசுக்காகப் பேசவேண்டிய ஆள் ஆகிவிடவில்லை. இதை மனசில் வையுங்கள். உங்கள் விஷயத்தில் இதுதான் முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் முறை வரும்வரை வெளியில் இருக்கச் சொல்வார்கள். மற்ற சாட்சி சொல்வது உங்கள் காதில் விழக்கூடாது என்பதற்காக. பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய்ச் சாட்சிக் கூண்டில் ஏறுங்கள். சத்தியப் பிரமாணம் சொல்லிக் கொடுப்பார்கள். கடவுள் பெயரால் சொல்லலாம், விருப்பமில்லாதவர்கள் உளமார உறுதி கூறலாம், இரண்டுக்கும் ஒரே மதிப்புதான். நீதிபதியை ‘ஐயா’ அல்லது ‘அம்மா’ என்றால் போதும். நெடுநேரம் நிற்க முடியாது என்றால் கேளுங்கள், நாற்காலி போடச் சொல்வார்கள். தண்ணீர் வேண்டும் என்றாலும் கேட்கலாம். எல்லாம் தமிழில்தான் நடக்கும். உங்களுக்குப் புரியாத ஒரு வார்த்தை வந்தால், ‘ஐயா, புரியவில்லை, திரும்பக் கேளுங்கள்’ என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. புரியாமல் தலையாட்டுவதுதான் ஆபத்து.

முதலில் அரசு வழக்கறிஞர் கேட்பார். இதற்கு முதல் விசாரணை என்று பெயர். அவர் விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கக்கூடாது. ‘இவர்தானே துடுப்பால் அடித்தார்?’ என்று கேட்டால் எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபம் சொல்வார். ‘அன்றைக்கு எங்கே இருந்தீர்கள், என்ன பார்த்தீர்கள்?’ என்றுதான் கேட்கவேண்டும். நீங்கள் உங்கள் பாஷையில் சொல்லுங்கள். தேதி ஞாபகம் இல்லையா? ‘சந்தியாகப்பர் திருவிழா முடிந்த மறுவாரம்’ என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதையே சொல்லுங்கள். கடிகாரம் பார்க்கவில்லையா? ‘போட்டு கரை பிடித்துப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த நேரம்’ என்று சொல்லுங்கள். மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து ‘சுமார் 5.10 மணியளவில்’ என்று ஒப்பிக்கிற சாட்சியைவிட இப்படிச் சொல்கிறவரை நீதிபதி நம்புவார்.

பல வருஷத்துக்கு முந்தி ஒரு வழக்கு. வல்லம் என்கிற நாட்டுப் படகில் கடலுக்குப் போகிற பெரியவர் ஒருவர் சாட்சி. ‘நீங்கள் நின்ற இடத்துக்கும் சம்பவம் நடந்த இடத்துக்கும் எத்தனை மீட்டர்?’ என்று கேட்டார்கள். அவர் கொஞ்சம் யோசித்து, ‘ஆறு பாகம் இருக்கும்யா’ என்றார். மீட்டரில் சொல்லச் சொல்லி வக்கீல் வற்புறுத்தினார். பெரியவருக்கு மீட்டர் தெரியாது. கடலில் ஆழம் பார்த்தே பழகிய மனிதர். நீதிபதி குறுக்கிட்டு, ‘பாகம் என்றால் எவ்வளவு, காட்டுங்கள்’ என்றார். பெரியவர் கூண்டுக்குள் நின்றபடி இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒரு கை கம்பியில் இடித்தது. ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி, ஆகமொத்தம் முப்பத்தாறு அடி என்று நீதிபதியே கணக்குப் போட்டு எழுதச் சொன்னார். அந்த வழக்கில் தூரத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் அன்றைக்கு எதிர்த் தரப்பில் நின்றிருந்தேன். அந்தக் கைகளை எதிர்த்துக் கேட்க என்னிடம் கேள்வி எதுவும் இல்லை.

அடுத்து குறுக்கு விசாரணை. நீங்கள் பயப்படுவது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். எதிரியின் வக்கீல் கேட்பார். வெளிச்சம் எப்படி இருந்தது, எத்தனை பேர் கூடியிருந்தார்கள், உங்களுக்குக் கண்ணாடி உண்டா, அடிபட்டவரிடம் நீங்கள் கடனுக்கு மீன் எடுப்பது உண்டா, இரு குடும்பத்துக்கும் முன்னால் ஏதாவது பகை உண்டா என்று தோண்டுவார். இங்கே அவர் விடையைக் கேள்விக்குள் வைத்தே கேட்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. ‘நீங்கள் அந்த இடத்திலேயே இல்லை, அடிபட்டவருக்காகப் பொய் சொல்கிறீர்கள் என்கிறேன்’ என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். கோபப்படாதீர்கள், அழவும் வேண்டாம். தன் கட்சிக்காரர் சொல்லும் கதையை ஒவ்வொரு சாட்சியிடமும் எடுத்துவைத்து மறுப்போ ஒப்புதலோ வாங்குவது அவருடைய கடமை. செய்யாவிட்டால் பிறகு அந்தக் கதையை அவர் வாதத்தில் பேச முடியாமல் போகும். நீங்கள் ‘இல்லைங்கய்யா, நான் அங்கேதான் இருந்தேன்’ என்று சொன்னால் போதும். தட்டச்சில் அது ‘நான் சம்பவ இடத்தில் இல்லை என்று சொன்னால் சரியல்ல’ என்று விழும். எங்கள் கோர்ட்டுகளில் ஆயிரக்கணக்கான வாக்குமூலங்கள் இந்தச் ‘சரியல்ல’ என்ற சொல்லில்தான் முடிகின்றன. உங்களுடையதும் அப்படித்தான் முடியும்.

மானத்தைக் குலைக்கிற மாதிரி, வழக்குக்குச் சம்பந்தமில்லாமல் கேட்டால் அது வேறு. அப்படிப்பட்ட கேள்விகளைத் தடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. நீங்களே நீதிபதியைப் பார்த்து, ‘இதற்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் ஐயா?’ என்று கேட்கலாம்.

குறுக்கு விசாரணையில் ஏதாவது குழப்பம் வந்திருந்தால் அரசு வழக்கறிஞர் மறு விசாரணையில் ஓரிரு கேள்வி கேட்பார். பிறகு நீங்கள் சொன்னதைப் படித்துக் காட்டுவார்கள். இந்த இடத்தில் களைத்துப்போய், ‘எல்லாம் சரிதான்’ என்று அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிவிடாதீர்கள். ‘துடுப்பு’ என்று நீங்கள் சொன்னது ‘கட்டை’ என்று விழுந்திருக்கிறதா, ‘இரண்டாவது அடி’ என்றது ‘அடித்ததைப் பார்த்தேன்’ என்று மட்டும் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். தப்பு இருந்தால் உடனே சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கடிதத்தின் நடுவில் கிடக்கிற முள்ளுக்கு வருகிறேன். போலீஸ் எழுதியது ஒன்று, ஜட்ஜ் அம்மா முன்னால் சொன்னது ஒன்று. இரண்டும் ஒன்றல்ல.

போலீஸ் எழுதிக்கொண்டதில் கையெழுத்து வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்கக்கூடாது என்பதுதான் சட்டம். அது சாட்சியம் ஆகாது. நீங்கள் கோர்ட்டில் சொல்வது அதிலிருந்து மாறினால், அந்த மாற்றத்தைச் சுட்டிக்காட்ட மட்டும்தான் அது பயன்படும். ‘நான் அப்படிச் சொல்லவில்லை, அவர்கள் அப்படி எழுதியிருந்தால் எனக்குத் தெரியாது’ என்பது உண்மையானால், அதைத் தயங்காமல் சொல்லலாம். பிறகு விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போது அவரிடம் கேட்டுக்கொள்வார்கள்.

அந்த ஜட்ஜ் அம்மா, அதாவது நடுவர், முன்னால் சொன்னது அப்படியில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், பத்து வருஷமோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய குற்றங்களில் போலீஸ் அழைத்துவருகிற சாட்சியின் வாக்குமூலத்தை நடுவர் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். சம்பவம் அந்தத் தேதிக்குப் பிறகு நடந்ததால்தான் உங்களையும் கூட்டிப்போயிருக்கிறார்கள். அங்கே சத்தியம் செய்து சொல்லி, கையெழுத்தும் போட்டிருப்பீர்கள். அன்றைக்கு ‘இரண்டாவது அடியைப் பார்த்தேன்’ என்று சொல்லிவிட்டு, இப்போது கோர்ட்டில் ‘எதையும் பார்க்கவில்லை’ என்று சொன்னால், சத்தியம் செய்து சொன்ன இரண்டில் ஒன்று பொய் என்று ஆகிவிடும். நீதிமன்றத்தில் தெரிந்தே பொய்ச் சாட்சியம் அளிப்பதற்கு ஏழு வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ‘பார்க்கவில்லை என்று சொல்லிவிடு’ என்று சுலபமாகச் சொல்கிற கமிட்டிக்காரர்கள் யாரும் அன்றைக்கு உங்களுக்குப் பக்கத்தில் கூண்டில் நிற்கப்போவதில்லை.

மறந்துபோனதை மறந்துவிட்டேன் என்று சொல்வது பொய்யல்ல. தடுமாறுவதும் பொய்யல்ல. ‘அவர் போட்டிருந்த சட்டை என்ன நிறம்?’ என்று கேட்டால், ஞாபகம் இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். அதற்கெல்லாம் யாரும் உள்ளே போடமாட்டார்கள்.

முந்தி சொன்னபடி சொல்லாமல் சாட்சி மாறிவிட்டால், அவரைப் பிறழ் சாட்சி என்று அறிவித்து, அரசு வழக்கறிஞரே குறுக்கு விசாரணை செய்ய நீதிபதியிடம் அனுமதி கேட்பார். பிறழ் சாட்சி என்று ஆகிவிட்டால் அவர் சொன்ன எல்லாமே செல்லாது என்று ஊரில் நம்புகிறார்கள். அப்படியில்லை. மற்ற சான்றுகளோடு பொருந்துகிற பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஆகவே ‘பார்க்கவில்லை’ என்ற ஒரு வார்த்தையில் உங்கள் கொழுந்தன் வெளியே வந்துவிடுவார் என்பதும் நிச்சயமில்லை. அடிபட்டவர் இருக்கிறார், டாக்டர் இருக்கிறார், துடுப்பு இருக்கிறது.

சமாதானம் பற்றி. ஊரில் இரண்டு வீடும் பேசிக்கொள்வது நல்ல விஷயம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒரே கரையில் வலை காயவைக்கிறவர்கள். ஆனால் கொலை முயற்சி வழக்கு, இரண்டு பேர் கைகுலுக்கிக்கொண்டால் முடிந்துபோகிற வகையைச் சேர்ந்ததல்ல. சிறு காயம் போன்ற சில குற்றங்களில்தான் சம்பந்தப்பட்டவர்களே ராஜியாகப் போகச் சட்டம் இடம் தருகிறது. இது அந்தப் பட்டியலில் இல்லை. சமாதானத்தை முறைப்படி எடுத்துச்சொல்ல வேண்டுமானால் அவர்களுடைய வக்கீல்கள் மூலமாகத்தான் செய்யவேண்டும். வழக்கையே ரத்து செய்யக் கேட்பதானால் அது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் கேட்கவேண்டிய காரியம். அங்கேயும் இந்த மாதிரிக் குற்றத்தில் சுலபமாக ரத்து செய்துவிடமாட்டார்கள். எப்படியிருந்தாலும் அந்தப் பாரத்தைக் கருவாட்டுக் கூடைக்கு மேல் உங்கள் தலையில் ஏற்றிவைப்பது நியாயமே இல்லை.

யாராவது மிரட்டினால் அதுவும் தனிக் குற்றம். பொய்ச் சாட்சி சொல்லும்படி ஒருவரை மிரட்டுவதற்கும் ஏழு வருஷம் வரை தண்டனை உண்டு. ஜாமீனில் இருக்கிறவர் சாட்சியை மிரட்டினால் அவருடைய ஜாமீனே போய்விடும். உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. மாவட்ட அளவில் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு கொடுத்தால், மிரட்டல் எவ்வளவு என்று போலீஸிடம் அறிக்கை வாங்கி, தேவையான பாதுகாப்பைச் செய்யச் சொல்வார்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இதுவரை நடந்தது வற்புறுத்தல்தான், மிரட்டல் அல்ல. ஆனால் அது திசை மாறினால் அன்றைக்கே அரசு வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். தனியாக ஒருவரிடம் யோசனை கேட்கவேண்டும் என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம். பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காமல் இலவசமாக உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

இப்போது முன்னால் ஒத்திவைத்த விஷயம். நீங்கள் பார்த்தது இரண்டாவது அடி. யார் முதலில் கை வைத்தது என்று பார்க்கவில்லை. இதை ஒரு குறையாக எண்ணி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. போட்டுக்காரர்தான் முதலில் அடித்தார், தன்னைக் காத்துக்கொள்ளத்தான் துடுப்பை எடுத்தேன் என்பது உங்கள் கொழுந்தனின் வாதமாக இருக்கலாம். அப்படி ஒன்று உண்டா இல்லையா என்று தீர்மானிக்க நீதிபதிக்கு ஆரம்பத்தைப் பார்த்தவர் வேண்டும். நீங்கள் அந்த ஆள் இல்லை. ‘ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன்’ என்று அரசுத் தரப்புக்காக நீட்டிச் சொன்னால், அவருக்குக் கிடைக்கவேண்டிய நியாயத்தைப் பறித்துவிடுவீர்கள். ‘ஒன்றுமே பார்க்கவில்லை’ என்று அவருக்காகச் சுருக்கிச் சொன்னால், தலையில் தையல் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தவருக்குக் கிடைக்கவேண்டியதைப் பறித்துவிடுவீர்கள். ‘சத்தம் கேட்டுத் திரும்பினேன், துடுப்பால் தலையில் அடிப்பதைப் பார்த்தேன், அதற்கு முன்னால் நடந்தது தெரியாது.’ இதுதான் உங்கள் சாட்சியம். இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடலாம்.

இன்னொரு வழக்கை நினைத்துக்கொண்டுதான் இவ்வளவு சொல்கிறேன். சந்தையில் நடந்த ஓர் அடிதடி. காய்கறி விற்கிற அம்மா ஒருவர் கடைசி அடியை நிஜமாகவே பார்த்தவர். அடிபட்ட பையன் மேல் இரக்கப்பட்டு, நாலு அடியையும் பார்த்ததாகக் கோர்ட்டில் சொல்லிவிட்டார். குறுக்கு விசாரணையில், முதல் மூன்று அடி விழும்போது அவர் தராசுக்குக் குனிந்து எடை போட்டுக்கொண்டிருந்தது வெளியே வந்தது. ஒரு பகுதி பொய்யென்றால் முழுவதையும் தள்ளவேண்டும் என்று நம் சட்டத்தில் இல்லை. இருந்தாலும் எதை நம்புவது, எதை விடுவது என்ற சந்தேகம் வந்துவிட்டது. நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் எதிரிக்குத்தான். அந்த அம்மா வராந்தாவில் உட்கார்ந்து, ‘பார்த்ததை மட்டும் சொல்லியிருந்தால் போதுமே’ என்று அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

நீங்கள் இறங்கிய பிறகு வழக்கு தொடரும். எல்லாச் சாட்சிகளும் முடிந்ததும், சொல்லப்பட்டவை ஒவ்வொன்றையும் எதிரியிடம் எடுத்துச்சொல்லி, ‘இதற்கு என்ன சொல்கிறீர்கள்?’ என்று நீதிபதியே கேட்பார். அவருக்கு அப்போது சத்தியப் பிரமாணம் கிடையாது. பேசாமலும் இருக்கலாம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று அரசியலமைப்பே சொல்கிறது. அவர் தரப்பில் சாட்சி இருந்தால் கூட்டிவரலாம். அப்புறம் இரு தரப்பு வாதம். வாதம் முடிந்து 30 நாளுக்குள், காரணம் எழுதிவைத்தால் 45 நாளுக்குள், தீர்ப்பு வரவேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. தீர்ப்பு நாளில் நீங்கள் போகவேண்டிய அவசியமில்லை.

போகிற நாளுக்குச் சில நடைமுறை விஷயங்கள். சம்மனையும் ஆதாரையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாலம் தாண்டி மண்டபம், உச்சிப்புளி வழியாக வந்து சேர நேரமாகும், ஆகவே காலை முதல் பஸ்ஸிலேயே கிளம்பினால் பதற்றம் இல்லாமல் வரலாம். வந்ததும் அரசு வழக்கறிஞரைப் பாருங்கள். நடந்ததை அவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் இதைச் சேர்த்துச் சொல், அதை விடு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உங்களைக் கூப்பிடாமலே வாய்தா போட்டுவிடவும் கூடும். ஒரு நாள் வியாபாரம் போன எரிச்சல் வரத்தான் செய்யும், நியாயமான எரிச்சல் அது. அடுத்த தேதியைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாட்சிக்குப் போக்குவரத்துச் செலவு கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம், கூச்சப்படாமல் கேளுங்கள். உடம்புக்கு முடியாமல் வர இயலாவிட்டால் முன்கூட்டியே காவல் நிலையத்திலோ அரசு வழக்கறிஞரிடமோ சொல்லிவிடவேண்டும். சொல்லாமல் நின்றுவிட்டால் பிடியாணை வரும். அப்போது நீங்கள் பயந்த மாதிரியே போலீஸ் வீட்டுக்கு வரும்.

கடைசியாக நீங்கள் கேட்டது, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டுமா என்று. ஒரே ஒரு தடவை பார்க்கவேண்டி வரும். ‘நீங்கள் சொல்கிற நபர் இந்தக் கோர்ட்டில் இருக்கிறாரா?’ என்று அரசு வழக்கறிஞர் கேட்பார். அப்போது திரும்பி, அவர் நிற்கிற பக்கம் கையைக் காட்டி, ‘அதோ இருக்கிறார்’ என்று சொல்லுங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். அதற்குப் பிறகு நீதிபதியைப் பார்த்தே பேசலாம்.